பைபர் படகுக்கு எக்கோ சவுண்டர் சென்சார்: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது

படகுக்குக் கீழே உள்ள ஆழத்தை ஒலியால் அளக்கும் எக்கோ சவுண்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் திரையைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். ஐந்து அங்குலமா ஏழு அங்குலமா, வெயிலில் எழுத்து தெரியுமா, ஜிபிஎஸ் உண்டா என்பவையே கடையில் கேட்கப்படும் கேள்விகள். அதே அட்டைப்பெட்டியின் அடியில் கறுப்பு வயரைச் சுற்றிக்கொண்டு கிடக்கிற உள்ளங்கை அளவுப் பொருளை, கடைக்காரர்கள் சென்சார் என்று சொல்லும் டிரான்ஸ்டியூசரை, யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. ஆழத்தை அளப்பது அதுதான். அது கேட்டதைத் திரை வரைந்து காட்டுகிறது, அவ்வளவே. விலை உயர்ந்த திரையும் தவறான இடத்தில் பொருத்திய சென்சாரும் சேர்ந்தால், படகு வேகம் எடுத்த உடனே ஆழ எண் மறைந்து வெறும் கோடுகள்தான் மிஞ்சும். சாதாரணத் திரையாக இருந்தாலும் சென்சார் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டால், பதினைந்து பாகத்தில் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) மணல் தரையையும் பாரையும், அதாவது கடலடிப் பாறைத்திட்டையும், பிரித்துக் காட்டிவிடும்.

எங்கள் குடும்பத்துப் படகு தூத்துக்குடிக் கரையில் தூண்டில் தொழிலுக்குப் போகிற 20 அடி பைபர் படகு. பின்னால் 40 குதிரைத்திறன் அவுட்போர்ட் இன்ஜின். மன்னார் வளைகுடாவில் தரை ஒரே சீராக இருப்பதில்லை. மணலும் சேறுமாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் திடீரென்று பார் எழும்பும். மீன் நிற்பதும் அங்கேதான், நங்கூரம் சிக்குவதும் அங்கேதான். கரைக்கு அருகே காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி என்று பவளப்பாறை சூழ்ந்த தீவுகள் இருக்கின்றன. 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அவையும் சேர்த்தி. அங்கே மீன் பிடிக்கக்கூடாது. அவற்றுள் விலாங்குசல்லி நீருக்குள் மூழ்கிப்போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத தீவு ஒன்று இருக்கிற கடலில், படகுக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துகொண்டு ஓடுவது ஆடம்பரமாகாது.

சென்சார் வேலை செய்யும் முறை எளிமையானது. உள்ளே இருக்கும் பீங்கான் வில்லை மின்துடிப்பு கிடைத்ததும் அதிர்ந்து ஓர் ஒலித்துடிப்பைக் கீழே அனுப்புகிறது. தரையில் பட்டுத் திரும்பும் ஒலியை அதே வில்லை வாங்கி மின்துடிப்பாக மாற்றிக் கொடுக்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். 15 மீட்டர் ஆழத்தில் போகவும் வரவும் 30 மீட்டர், அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. தண்ணீர் வழியாக இவ்வளவு நன்றாக ஓடுகிற ஒலிக்குக் காற்று மட்டும் ஆகாது. நீரிலிருந்து காற்றுக்குள் போகும் எல்லையில் ஒலி ஏறத்தாழ முழுவதும் திரும்பி எதிரொலித்துவிடுகிறது; காகிதம் போல மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலே போதும், அதற்கு அப்பால் எதுவும் போகாது. சென்சாரின் முகத்துக்கும் கடல் தரைக்கும் நடுவே எங்கேயும் காற்று இருக்கக்கூடாது என்கிற ஒரே நிபந்தனையிலிருந்துதான், எந்த வகை வாங்குவது, எங்கே வைப்பது, எதைக் கொண்டு ஒட்டுவது என்கிற எல்லா முடிவுகளும் வருகின்றன.

அதிர்வெண்ணைப் பற்றிக் கடையில் நிறையச் சொல்வார்கள். சிறிய படகுக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். 200 கிலோஹெர்ட்ஸில் ஒலி அலையின் நீளம் ஏழரை மில்லிமீட்டர். சிறிய பொருள்களைப் பிரித்துக் காட்டும், ஆனால் ஆழம் போகப் போகச் சீக்கிரம் தேய்ந்துவிடும். 50 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் மூன்று சென்டிமீட்டர். வெகு ஆழம் போகும், படம் மொத்தையாக இருக்கும். கூம்பின் விரிவும் மாறும். 20 பாகைக் கூம்பு 18 மீட்டர் ஆழத்தில், அதாவது ஏறக்குறைய பத்துப் பாகத்தில், ஆறு மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள வட்டத்தைப் பார்க்கிறது. 45 பாகைக் கூம்பு அதே ஆழத்தில் 15 மீட்டர் வட்டத்தைப் பார்க்கிறது. அந்த வட்டத்துக்குள் எது மேடாக இருக்கிறதோ அதிலிருந்துதான் எதிரொலி முதலில் வரும், கருவி அதையே ஆழம் என்று காட்டும். ஆகவே பாரின் மேல் அகலக் கூம்பை ஓட்டினால் பாறையின் உச்சி மட்டும் தெரியும், பாறைகளுக்கு இடையே மீன் அடைந்து கிடக்கும் பள்ளம் தெரியாது. பத்து, பதினைந்து, இருபது பாகத்துக்குள் தொழில் செய்கிறவர்களுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும்; அதைச் சுற்றிய அதிர்வெண்களை ஒரே துடிப்புக்குள் ஏற்றி இறக்கி அனுப்புகிற சிர்ப் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த ஆழத்துக்கு வாட் கணக்கைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயன் இல்லை.

வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது, திரையும் சென்சாரும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பது. கார்மின் ஸ்ட்ரைக்கர் வரிசையின் சிறிய திரைகள் 77/200 கிலோஹெர்ட்ஸ் இணைக்கு ஏற்றவை, லோரன்ஸின் ஹூக் வரிசை 83/200-க்கு ஏற்றது. 50/200 சென்சார்களும் சந்தையில் நிறைய உண்டு. பிளக்கின் ஊசிகளும் நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளை ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல், வேறுபடும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஏர்மார் நிறுவனம் பல பிராண்டுகளுக்குச் சென்சார் செய்து கொடுக்கிறது. ஆகவே சென்சார் ஒரே மாதிரி இருந்தாலும் பிளக் வேறாக இருக்கலாம். வயரை வெட்டி ஒட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று எவராவது சொன்னால் கேட்க வேண்டாம். திரும்பி வரும் எதிரொலி மிகவும் நலிந்த மின்குறி. உப்புக்காற்றில் அந்த ஒட்டு பச்சை பூத்தவுடன் முதலில் காணாமல் போவது அதுதான்.

இனி வகைகள். பின்பலகையில் தாங்கி வைத்துத் திருகி, முகம் நீருக்குள் இருக்கும்படி தொங்கவிடுவது முதல் வகை. திரையோடு பெட்டியில் வருவது பெரும்பாலும் இதுதான். படகின் அடியில் துளை போட்டு, முகம் வெளியே தெரியும்படி நட்டுப் போட்டு இறுக்குவது இரண்டாவது. அடியில் துளையே போடாமல் உள்பக்கமாக ஒட்டி, பைபர் வழியாகவே ஒலியை அனுப்பி வாங்குவது மூன்றாவது. தெளிவில் இரண்டாவது வகைதான் முதலிடம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் 20 அடிப் படகின் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு அங்குல ஓட்டை போடுவதற்கு நான் ஒப்பமாட்டேன். விசைப்படகு வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி யோசிக்கட்டும்.

துறைமுகத்துக்குள் எப்போதும் நீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்குப் பின்பலகைச் சென்சார் நல்ல தேர்வு. பொருத்துவது எளிது, பழுதானால் மாற்றுவது எளிது, தண்ணீரை நேரடியாகத் தொடுவதால் வெப்பநிலையும் சரியாகக் காட்டும். ஆனால் நம் கரையில் எத்தனையோ பைபர் படகுகள் மணலில் ஏறுகின்றன. உருளைக்கட்டை போட்டு ஆள் சேர்ந்து தள்ளினாலும் சரி, டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தாலும் சரி, பின்பலகையின் அடிவிளிம்புக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டு எத்தனை நாள் தாங்கும்? அலை உடைக்கும் இடத்தில் பின்பக்கம் தரையைத் தட்டினால் தாங்கி மடங்கி எழும்பும்படி செய்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். முன்னோக்கிப் போகும்போது தடை வந்தால்தான் அது மடங்கும். மணலில் படகைப் பின்னோக்கித் தள்ளிக் கடலில் இறக்கும்போது மடங்க வழியில்லாமல் முறிந்துவிடும். கையேடு எழுதியவர்கள் டிரெய்லரில் ஏற்றி இறக்கும் படகை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். பருவக்காற்று மாறும்போதெல்லாம் மேட்டில் ஏற்றப்படும் எங்கள் படகுக்கு உள்பக்கம் ஒட்டும் வகையே சரி என்று முடிவு செய்ததற்கு இதுதான் காரணம்.

உள்பக்கம் ஒட்டுவதற்கு நிபந்தனைகள் உண்டு. அந்த இடத்தில் அடி முழுவதும் திண்ணென்ற பைபராக மட்டும் இருக்க வேண்டும். நடுவே பிளைவுட்டோ, பால்சா மரமோ, ஃபோமோ வைத்து இரட்டைத் தோலாகச் செய்த அடி வழியாக ஒலி போகாது, ஏனென்றால் அவை காற்றை அடைத்து வைத்திருக்கும் பொருள்கள். நம் பட்டறைகளில் மிதப்புக்காக ஃபோம் ஊற்றிய அறைகள் எங்கே இருக்கின்றன என்பது படகு கட்டிய மேஸ்திரிக்குத்தான் தெரியும். அவரைக் கேட்டுவிடுவது நல்லது. கேட்க முடியாதவர்கள் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்க்கலாம். திண்ணமான பைபர் கணீரென்று கேட்கும், ஃபோம் இருக்கும் இடம் மொத்தென்று அமுங்கும். இரண்டாவது நிபந்தனை, எவ்வளவு வேகத்தில் போனாலும் அந்த இடத்தின் அடிப்பக்கம் நீரை விட்டு எழக்கூடாது. வேகமெடுக்கும் படகின் அணியம், அதாவது முன்பகுதி, தூக்கிக்கொள்ளும், ஆகவே பின் மூன்றில் ஒரு பங்கில், ஏரா எனப்படும் அடியின் நடுத்தண்டுக்குப் பக்கத்தில், இன்ஜினுக்கு முன்னால் இடம் தேட வேண்டும். அந்த இடத்துக்கு நேர் முன்னே அடியில் வரிவிளிம்போ திருகுத்தலையோ பழுதுபார்த்த மேடோ இருந்தால் அது கிளப்பும் காற்றுக்குமிழிகள் நேராகச் சென்சாருக்குக் கீழே ஓடும். மூன்றாவது, அடியின் சரிவு. வி வடிவ அடியில் வில்லையைத் தட்டையாக ஒட்டினால் அது நேர் கீழே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கும். எங்கள் படகின் பின்பகுதி ஏறக்குறையத் தட்டையானது, சிக்கல் எழவில்லை. சரிவு அதிகமுள்ள படகுகளுக்கு ஏர்மாரின் பி79 போன்றவை உண்டு: அடித்தளக் கிண்ணத்தை மட்டும் ஒட்டிவிட்டு, அதற்குள் தீங்கற்ற புரொப்பிலீன் கிளைக்கால் திரவத்தை நிரப்பி, 22 பாகை வரை சரிவை ஈடுகட்டும்படி வில்லையைத் திருப்பி வைத்துப் பூட்டலாம்.

உள்பக்க வகையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என ஒலி இரண்டு தடவை பைபரைக் கடப்பதால் வலு குறையும். நூறு பாகத்தைத் தேடுகிறவருக்கு அது பெரிய இழப்பு, பதினைந்து பாகத்துக்கு உறைக்காது. வெப்பநிலை என்று அது காட்டுவது படகின் அடியின் சூட்டை, கடலின் சூட்டை அல்ல. 455, 800 கிலோஹெர்ட்ஸில் புகைப்படம் போலப் பாறையைக் காட்டும் இமேஜிங் வசதி பைபர் வழியாக வேலை செய்யாது. அந்தப் படம்தான் வேண்டும் என்று திரை வாங்கியவர்கள் சென்சாரை வெளியேதான் வைத்தாக வேண்டும்.

ஒட்டுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. படகு நீரில் இருக்க வேண்டும். முதலில் சென்சாரைப் பின்பக்கமாகக் கையால் நேரடியாக நீருக்குள் பிடித்து, ஆழ எண்ணையும் தரைக்கோட்டின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் சென்சாரை வைத்து, காற்றை வெளியேற்றி வாயைக் கட்டி, அடியின் உள்பக்கத்தைக் கொஞ்சம் ஈரப்படுத்தி, நினைத்திருக்கும் இடங்களில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு சாண் தூரம்தான் இருக்கும், ஆனால் ஒன்றில் தரைக்கோடு கனத்துத் தெரியும், இன்னொன்றில் எதுவும் தெரியாது. கண்ணாடி இழையை அடுக்கும்போது உள்ளே சிக்கிய காற்றுதான் காரணமாக இருக்க வேண்டும். நல்ல இடம் அகப்பட்டதும் பையைக் கட்டியபடியே படகை வேகமாக ஓட்டி, எண் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும். குறைந்த ஆழத்தில் இந்தச் சோதனையைச் செய்தால் எல்லா இடமும் நல்ல இடமாகவே தெரியும். வழக்கமாகத் தொழில் செய்யும் ஆழத்தில் செய்ய வேண்டும்.

ஒட்டும் வேலைக்கு விடியற்காலைதான் ஏற்றது. தொழில் படகின் அடியில் எண்ணெய், பெட்ரோல், மீன் கவிச்சி எல்லாம் ஊறிக் கிடக்கும். சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, 80-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அசிட்டோன் பைபருக்கு மட்டும்தான். சென்சாரின் பிளாஸ்டிக் உடலில் பட்டால் அதை அரித்துவிடும். மூன்று அங்குல பிவிசி குழாயில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு வளையம் வெட்டி, வட்டமிட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டால் எபாக்ஸிப் பசை ஓடாமல் நிற்கும். எபாக்ஸியில் மெதுவாக இறுகும் வகையையே வாங்க வேண்டும். அதை வேகமாக அடித்துக் கலக்கக்கூடாது, குச்சியைத் தூக்காமல் மெல்லச் சுழற்ற வேண்டும், இல்லையென்றால் நுரை கட்டும். நம் வெயிலில் வேறொரு தொல்லையும் உண்டு: கலந்த எபாக்ஸியைக் கோப்பையில் மொத்தமாக வைத்திருந்தால் அது தன் சூட்டிலேயே சூடேறி, கோப்பை நெளிந்து, புகைந்து, ஊற்றுவதற்குள் கல்லாகிவிடும். அகலமான தட்டத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி வைத்தால் சூடு தங்காது, குமிழிகளும் மேலே வந்து உடைந்துவிடும். வளையத்துக்குள் சிறிது ஊற்றி, சென்சாரின் முகத்திலும் பூசி, ஓர் ஓரத்தைச் சாய்த்து முதலில் இறக்கி, பிறகு மெல்லத் திருகியபடியே அழுத்தினால் அடியில் சிக்கிய காற்று பக்கவாட்டில் வெளியேறும். மேலே ஒரு கனமான பொருளை வைத்துவிட்டு, மறுநாள் வரை படகை அசைக்காமல் விட்டுவிட வேண்டும். எபாக்ஸிக்குப் பதில் சிலிகான் போதும் என்பார்கள். அது ரப்பர் போல நெகிழ்ந்து ஒலியை விழுங்கும், பயன்படுத்த வேண்டாம்.

பின்பலகையில் பொருத்துகிறவர்களுக்கு இடம்தான் முக்கியம். பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் சுழலும் புரொப்பெல்லராக இருந்தால், இறக்கைகள் கீழ்நோக்கி இறங்குவது வலப்பக்கம்; அந்தப் பக்கத்தில் குமிழி குறைவு. புரொப்பெல்லரிலிருந்து 15 அங்குலமாவது தள்ளி வைக்க வேண்டும். முகம் அடிவிளிம்புக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் போதும். இன்னும் இறக்கினால் நீரைக் கிழித்துப் பின்னால் பீய்ச்சியடிக்கும். துளையிடும்போது ஒட்டுநாடாவை ஒட்டி, டிரில்லைச் சிறிது நேரம் எதிர்த்திசையில் ஓட்டிவிட்டு நேர்த்திசைக்கு மாற்றினால் ஜெல்கோட் எனப்படும் பளபளப்பான மேல்பூச்சு பெயராது. பைபர் பின்பலகைக்குள் இருப்பது பிளைவுட். திருகுத்துளை வழியாக நீர் புகுந்தால் வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே மக்கும், கடைசியில் இன்ஜினைத் தாங்க வலுவில்லாமல் போகும். ஆகவே 316 ரக எவர்சில்வர் திருகுகளும், துளைக்குள்ளேயே நிரப்பிய பாலியூரித்தேன் சீலன்டும் கட்டாயம். ஒரு தடித்த பாலித்தீன் பலகையை முதலில் பின்பலகையில் பொருத்திவிட்டு, சென்சாரை அந்தப் பலகையில் திருகுவது இன்னும் நல்லது. பிற்பாடு உயரத்தை மாற்ற வேண்டியிருந்தால் புதுத் துளைகள் பலகையில்தான் விழும்.

வயரிங்கில் சொல்ல அதிகம் இல்லை. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் இன்ஜின் உள்ள படகில் தனி 12 வோல்ட் பேட்டரி வைத்தாக வேண்டும். சிறிய திரைகள் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும் என்பதால் 7 ஆம்பியர்-மணிப் பேட்டரியே ஒரு நாள் தாங்கும். கையேட்டில் சொன்ன ஃபியூஸை, பொதுவாக 3 ஆம்பியர், பேட்டரிக்குப் பக்கத்தில் போட வேண்டும். சென்சார் வயரை இன்ஜின் வயர்களோடும் விஎச்எஃப் ரேடியோவின் ஆன்டெனா வயரோடும் ஒரே கட்டாகக் கட்டக்கூடாது. மிச்சமிருக்கும் நீளத்தை வெட்டாமல் தளர்வாகச் சுருட்டி, ஈரம் படாத இடத்தில் கட்டிவைக்க வேண்டும்.

திரையில் குப்பை தெரிந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இன்ஜினை நிறுத்திப் பார்க்க வேண்டும். படம் சுத்தமாக இருந்தால் சென்சாரில் கோளாறு இல்லை. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, கியர் போடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் கூட்ட வேண்டும். படகு நகராமலேயே கோடுகள் பெருகினால் அது இக்னிஷனிலிருந்து வரும் மின் இரைச்சல். வயரை வேறு பாதையில் கொண்டுபோக வேண்டும். கியர் போட்டு ஓடும்போது மட்டும் குப்பை வந்தால் அது குமிழி. இடத்தையோ உயரத்தையோ மாற்ற வேண்டும். பக்கத்தில் விசைப்படகு வந்தால் மட்டும் சாய்ந்த புள்ளிவரிசைகள் தோன்றினால், அதே அதிர்வெண்ணில் ஓடும் அவர்களுடைய கருவியின் ஒலி நம் சென்சாருக்குக் கேட்கிறது என்று பொருள். படகு விலகியதும் போய்விடும்.

பொருத்தியாயிற்று, எண் வருகிறது. அந்த எண் உண்மையா? ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் பார்த்துவிட வேண்டும். எங்கள் படகில் வரும் பெரியவர் நீவாடு, அதாவது நீரோட்டம், அடங்கிய நேரம் பார்த்துக் குண்டை இறக்கி, நீர்மட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரு கைகளையும் விரித்து விரித்து அளந்து, "பத்துப் பாகம், ஒரு முழம் கூட" என்றார். திரையில் 16.8 மீட்டர். பாகத்துக்கு ஆறடி என்று கணக்குப் போட்டால் அவர் சொன்னது 18.7 மீட்டர். "அண்ணாச்சி, கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் வித்தியாசம் காட்டுதே" என்றதற்கு, "என் கைய அளந்து பாருங்க தம்பி, அப்புறம் பெட்டியப் பாருங்க" என்றார். டேப் வைத்து அளந்தால் அவருடைய பாகம் 171 சென்டிமீட்டர், முழம் 45. அப்படியானால் உண்மை ஆழம் 17.55 மீட்டர். சென்சார் நீர்மட்டத்துக்குக் கீழே 30 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதையும் கூட்டினால் திரை சொல்வது 17.1. மீதி 45 சென்டிமீட்டர் ஒலியின் வேகத்தில் கிடைத்துவிடுகிறது. கருவி நொடிக்கு 1500 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகிறது. 29 டிகிரி வெப்பமும் முழு உப்பும் உள்ள நம் கடலில் ஒலி ஓடுவது 1540 மீட்டரை ஒட்டி. எதிரொலி கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுவதால் கருவி ஆழத்தை இரண்டரை விழுக்காட்டுக்குச் சற்று மேலாகக் குறைத்துச் சொல்கிறது. தட்டாமல் போவதற்கு அது நல்ல பக்கம்தான். கருவியில் நன்னீர், கடல்நீர் என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் கடல்நீரில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த 30 சென்டிமீட்டரைக் கீல் ஆஃப்செட் என்ற இடத்தில் பதிந்துவிடலாம். அப்படிப் பதிந்தால் நீர்மட்டத்திலிருந்து ஆழம் கிடைக்கும். அதற்குப் பதிலாக, சென்சாருக்கும் படகின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கும் உள்ள உயர வேறுபாட்டைப் பதிந்தால் அந்தப் புள்ளிக்குக் கீழே எஞ்சியுள்ள நீர் கிடைக்கும். எதற்குக் கூட்டல் எண், எதற்குக் கழித்தல் எண் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அவுட்போர்ட் படகின் மிகத் தாழ்ந்த புள்ளி ஏரா அல்ல, இன்ஜின் காலின் அடியில் மீன்துடுப்பு போல நீளும் நுனி. இன்ஜின் முழுவதும் இறங்கியிருக்கும்போது சென்சாருக்கும் அந்த நுனிக்கும் உள்ள உயர வேறுபாட்டைக் கரையிலேயே அளந்து, ஆழம் குறைந்தால் ஒலிக்கும் அலாரத்தை அதற்கும் மேல் ஒரு மீட்டராவது கூட்டி வைக்கலாம். பார் செங்குத்தாக எழும் இடங்களில் அலாரம் அடித்த பிறகு வேகம் குறைக்க நேரம் இருக்காது, ஏனென்றால் சென்சார் பார்ப்பது படகுக்குக் கீழே, முன்னால் அல்ல. அப்படிப்பட்ட இடங்களில் முதலிலேயே மெதுவாகப் போய்விட வேண்டும்.

மரவள்ளம் வைத்திருப்பவர்களுக்கு உள்பக்கம் ஒட்டும் வழி கிடையாது, மரத்தின் நாரிடைக் காற்று ஒலியைத் தடுத்துவிடும். துளை போட்டுப் பொருத்துவதாக இருந்தால் வெண்கல உடல் கொண்டதையே வாங்க வேண்டும். ஊறிய மரம் உப்பிப் பிளாஸ்டிக் கழுத்தை நெரித்து உடைத்துவிடும். மாறாக, அலுமினியப் படகுக்கு வெண்கலம் ஆகவே ஆகாது, உப்புநீரில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். துளை வேண்டாம் என்பவர்கள் ஒன்றரை அங்குல ஜிஐ குழாயின் நுனியில் சென்சாரைப் பொருத்தி, வள்ளத்தின் பக்கச்சுவரில் இரண்டு இடங்களில் கிளாம்ப் போட்டு நிறுத்தலாம். படகு புரளும்போதும் முகம் நீருக்கு மேலே வராத அளவுக்குக் குழாயை இறக்க வேண்டும். குழாயின் கீழ்நுனியிலிருந்து அணியத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டினால் ஓட்டத்தில் குழாய் பின்னால் வளையாது. வேகமாக ஓடும்போது தூக்கிவிட்டு, மிதக்கும்போதும் மெதுவாகத் தேடும்போதும் மட்டும் இறக்கினால் போதும். வலையோ தூண்டிலோ இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், நடுவுக்குச் சற்றுப் பின்னால் இந்தக் குழாயை வைப்பது வசதி.